விறகுக் கட்டு

மழைக்காலத்தில் கடலூர் பக்கம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்தவர்களுக்கெல்லாம் டெங்கு என்றுதான் பெயர். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடும். அதனால்தான் அன்றைக்கு நானும் அப்படியே எழுதினேன்.

எம்.டி. முடித்து முதல் வேலை, இரவு டூட்டி. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பையன், 26 வயது. நாலு நாள் காய்ச்சல், பல் தேய்த்தால் ரத்தம். பிளேட்லெட் 18,000, வெள்ளை அணு 1,900. பக்கத்துக் கட்டில் மூன்றிலும் டெங்கு. டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தபோதுகூட, நாள் தள்ளி வந்திருக்கிறான், அதனால் அப்படித்தான் வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஹீமோகுளோபின் 7 இருந்தது. டெங்கு முற்றினால் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பி.சி.வி. ஏறும். இவனுக்கோ எல்லாமே இறங்கியிருந்தது. அந்த ஓர் எண்ணே போதும், லேபுக்குப் போய் அவன் ரத்தம் தடவிய கண்ணாடி ஸ்லைடைக் கேட்டு வாங்கிப் பார்க்க. நான் போகவில்லை.

மூன்றாம் நாள் காலை பெதாலஜி மேடம் வார்டுக்கு போன் செய்தார். "இது டெங்கு இல்ல டாக்டர், மேல வந்து பாருங்க."

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். பெரிய பெரிய அணுக்கள், உள்ளே ஊதா மணல் அள்ளிக் கொட்டியது போலத் துகள்கள், அந்தத் துகள்களுக்கு நடுவே மெல்லிய சிவந்த குச்சிகள், ஒன்றிரண்டாக அல்ல, கட்டுக்கட்டாக. ஆங்கிலப் புத்தகங்களிலும் இதற்கு விறகுக் கட்டு என்ற பொருளில்தான் பெயர். முந்திரிக் காட்டில் சுள்ளி பொறுக்கிக் கட்டி வைத்திருப்பார்களே, அதே மாதிரி. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியா, சுருக்கமாக ஏ.பி.எல். ரத்தம் உறையும் ஒழுங்கையே குலைத்துவிடும் ரத்தப் புற்றுநோய். அன்று மாலை தலை வலிக்கிறது என்றான். இரவு எட்டு மணிக்கு மூளையில் ரத்தக் கசிவு. விடிவதற்குள் போய்விட்டான்.

"டெங்குன்னுதானே சொன்னீங்க தம்பி?" என்று அவன் அம்மா கேட்டார். அப்போது எனக்கு வாய் வரவில்லை. ஒரு மாதம் கழித்துச் சான்றிதழ் வாங்க வந்தவரை உட்கார வைத்து, நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்மா என்று சொன்னேன். அவர் அழவில்லை. "வலிச்சிருக்குமா அவனுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

ஏ.பி.எல். பற்றி இப்போது வகுப்பெடுக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைப்பது ஏன் என்றால், ரத்தப் புற்றுநோய்களிலேயே நன்றாகக் குணமாகும் வகைகளில் இது ஒன்று. வைட்டமின் ஏ-யின் வகையறாவான அட்ரா என்ற மாத்திரையை 1980-களில் ஷாங்காய் மருத்துவர்கள் இதற்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். ஆர்செனிக்கும் சீனாவிலிருந்துதான் வந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், வெள்ளை அணு அதிகம் ஏறாத நோயாளிகளில் 10 பேரில் 9 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். முதல் சில நாளில் ரத்தம் கசிந்து சாகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் சந்தேகம் வந்த உடனே அட்ராவைத் தொடங்கிவிட வேண்டும், நோயை உறுதிசெய்யும் ஜீன் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சரி, அதற்கப்புறம்தான் நான் ரத்தநோய்க்கான மேல்படிப்பான டி.எம். படிக்கப் போனேன். எம்.பி.பி.எஸ். பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடம், எம்.டி. மூன்று, டி.எம். மூன்று. அமெரிக்காவில் ரத்தநோயையும் புற்றுநோயையும் ஒரே பயிற்சியில் சேர்த்துப் படிக்கலாம், நம் ஊரில் ரத்தநோய்க்கான கிளினிக்கல் ஹெமட்டாலஜி தனி, புற்றுநோய்க்கான மெடிக்கல் ஆன்காலஜி தனி.

மூன்று வருடமும் மருந்துகளைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்துப் போனேன். எங்கள் பேராசிரியர் முதல் நாளே ரிப்போர்ட் தாளைக் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டார். காலை ஏழு மணிக்கு, ரவுண்ட்ஸுக்கு முன்னால், அவரவர் நோயாளியின் ஸ்லைடை அவரவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் நாக்கு மாதிரி இழுப்பதற்கே எனக்கு இரண்டு வாரம் ஆனது. கை நடுங்கினால் பட்டை பட்டையாக விழும், சொட்டு பெரிதானால் ஓரம் வரை ஓடிவிடும். அப்புறம் லீஷ்மன் சாயம், தண்ணீர், காத்திருப்பு.

எலும்பு மஜ்ஜை எடுப்பதிலும் ஊசியை விடப் பேச்சைத்தான் அதிகம் கற்றுக்கொடுத்தார். மரப்பு ஊசி தோலையும் எலும்பின் மேற்பரப்பையும் மரக்கச் செய்யும், சிரிஞ்சில் மஜ்ஜையை உறிஞ்சும்போது வரும் அந்த இழுப்பை அதனால் தடுக்க முடியாது. அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். "இப்ப ஒரு இழு இழுக்கும், கால் வரைக்கும் தெரியும், பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும்." சொல்லிவிட்டுச் செய்தால் நோயாளி அடுத்த முறையும் நம்பிப் படுப்பார். வலிக்காது என்று பொய் சொன்னால் அதோடு போச்சு.

புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்டினிலும் வாய்விட்டுச் சொல்வதுதான் முக்கியம். ரத்தக் குழாயில் ஏற்றினால் மருந்து, முதுகுத் தண்டில் போனால் கிட்டத்தட்ட நிச்சயமாகச் சாவு. லுக்கேமியா குழந்தைகளுக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற இன்னொரு மருந்தை முதுகுத் தண்டில் போட வேண்டியிருப்பதால் இரண்டும் கைமாறிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. எனவே வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் எடுக்கவே கூடாது, சின்ன டிரிப் பையில்தான் கலக்க வேண்டும், இரண்டு பேர் உரக்கப் படிக்க வேண்டும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் உரக்கத்தான். இன்றைக்கும் நான் படிக்கிறேன்.

ஆனால் இதெல்லாம் டி.எம். வகுப்பறைக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்துவந்ததுதான் இன்றைய ஜிப்மர், புற்றுநோய்க்கு அங்கே தனி மையமே இருக்கிறது. விடியற்காலையில் கடலூர், விழுப்புரம், சிதம்பரம் பஸ்களிலிருந்து ஃபைலும் ஸ்கேன் கவருமாக, ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டில் இறங்கும் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும், எத்தனை பேர் அதை நம்பியிருக்கிறார்கள் என்று. அங்கே போய்ச் சேருகிறவர்களுக்கு வழி இருக்கிறது. என்னிடம் வந்த அந்தப் பையன் அங்கே போய்ச் சேரவே இல்லை, போக வேண்டியவன் என்று கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். ஹெமட்டாலஜி துறையே இல்லாத மருத்துவக் கல்லூரிகள் நம்மிடம் நிறைய. அங்கே எம்.டி. படிப்பவர் ஒரு லுக்கேமியா ஸ்லைடைக்கூடச் சொந்தக் கண்ணால் பார்க்காமல் வெளியே வந்துவிடலாம். எம்.டி. மாணவர் ஒவ்வொருவரையும் இரண்டு மாதம் ரத்தநோய் வார்டில் கட்டாயம் போட வேண்டும், தேர்வில் ஸ்லைடை வைத்துக் கேட்க வேண்டும். இதைக் கேட்கிற இடத்திலெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதுவரைக்கும் என்னால் முடிந்தது, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் நண்பர் ஒருவரின் கிளினிக் மாடியில் ஒரு மைக்ராஸ்கோப், ஒரு பெட்டி நிறைய ஸ்லைடுகள். சுற்றுவட்டாரத்து டூட்டி டாக்டர்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். விறகுக் கட்டு ஸ்லைடை எல்லோரும் பார்த்த பிறகுதான் டீ.

போன வாரம் இரவு பதினொன்றரைக்கு அவர்களில் ஒருத்தி வாட்ஸப்பில் படம் அனுப்பினாள். மைக்ராஸ்கோப் கண்ணாடியில் போனை ஒட்டி எடுத்தது, பாதி மங்கல். "அண்ணா, டெங்குன்னு அட்மிட் ஆனவங்க. ஹீமோகுளோபின் 6.8. நானே ஸ்லைடு போட்டேன். இது கட்டா?"

பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டுதான்.

நள்ளிரவு தாண்டி ஆம்புலன்ஸ் கிளம்பியது. விடிவதற்குள் புதுவையில் முதல் அட்ரா மாத்திரை உள்ளே போய்விட்டது, கூடவே பிளேட்லெட்டும் ஏற்றினார்கள். 34 வயது அம்மா, இரண்டு பிள்ளைகள். நேற்று அங்கே போன் செய்தேன். ஈறில் ரத்தம் நின்றுவிட்டதாம், பசிக்கிறது என்று சொல்லி கத்தரிக்காய்க் காரக்குழம்பு கேட்கிறாராம், கொடுக்கலாமா என்று அவர் தங்கை கேட்டார். வீட்டில் சமைத்து, சூடு ஆறாமல் கொண்டு வந்தால் கொடுங்கள் என்றேன்.