இடது கை தகிட, வலது கை தகதிமி: ஒரு பியானோ நாட்குறிப்பு

செப்டம்பர் 6, 2025, சனி

முதல் வகுப்பு முடிந்தது. வகுப்பு இணையத்தில்தான், டீச்சர் இருப்பது போலந்தின் வார்சாவில். அங்கே மாலை 4 மணி என்றால் கோயம்புத்தூரில் எனக்கு இரவு 7:30. பள்ளிக்கூட நாளில் ஏழாம் கிரேடுத் தேர்வோடு நின்றுபோன பியானோ இது. மூன்று வருடமாகத்தான் மறுபடி உட்கார்கிறேன். எடுத்திருக்கும் உருப்படி போலந்து இசையமைப்பாளர் ஷோப்பனின் ஃபேன்டஸி இம்ப்ராம்ப்டு, சி ஷார்ப் மைனர். 1834இல் எழுதியது. அப்போது அவருக்கு 24 வயது. பத்தாம் வகுப்பில் ஒரு கேசட்டில் இதைக் கேட்ட நாளிலிருந்து வாசிக்க ஆசை.

தாழ்ந்த ஜி ஷார்ப் ஆக்டேவ் ஒன்றோடு தொடங்குகிறது, ஒரே சுவரம் இரண்டு ஸ்தாயியில் சேர்ந்து ஒலிப்பது. பலமாக அடித்துவிட்டு இரண்டு பார், அதாவது இரண்டு தாளக் கட்டம், முழுக்கப் பிடித்திருக்க வேண்டும். அடித்தேன், பிடித்திருந்தேன். "ஏன் உடனே கையை எடுத்துவிட்டீர்கள்?" என்றார் டீச்சர். நான் எடுக்கவே இல்லை. இப்படியே மூன்று தடவை. அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. வீடியோ செயலியில் இரைச்சலை நீக்கும் வசதி ஒன்று இருக்கிறது. மாறாமல் நீளும் ஒலியை அது ஃபேன் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அடக்கிவிடுகிறது. பேச்சுக்காகச் செய்த ஏற்பாடு அது. அமைப்புகளுக்குள் போய் அதை நிறுத்திவிட்டு மறுபடி அடித்தேன். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார். ஒரே ஒரு சுவரத்தை ஒருவர் அவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

இந்த வாரம் இடது கை மட்டும். வலது கையைத் தொடவே கூடாதாம்.

செப்டம்பர் 10, புதன்

இடது கை. சி ஷார்ப், ஜி ஷார்ப், சி ஷார்ப், ஈ, திரும்பி சி ஷார்ப், ஜி ஷார்ப். ஆறு சுவரம், மூன்று மூன்றாக. தண்ணீர் ஏறி இறங்குகிற மாதிரி இருக்க வேண்டும். எனக்கு அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலித்துவிட்டது. நிறுத்திவிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

வலியைச் சொன்னதும் டீச்சர் மேலே மாட்டியிருக்கும் போன் கேமராவைப் பார்த்துக்கொண்டே வாசிக்கச் சொன்னார். சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரல் வரை ஒரு ஆக்டேவுக்கும் மேலே போகிற அகலம். அந்த அகலம் முழுக்க நான் கையை விரித்தே வைத்திருந்தேன், குடையை விரித்த மாதிரி. யார் கைக்கும் அது தாங்காது. கீழ் சுவரம் அடித்த அடுத்த கணம் சுண்டுவிரல் தன் கட்டையை விட்டுவிட வேண்டும். கை சுருங்கி அடுத்த விரலுக்குப் போக வேண்டும். ஒலியைப் பிடித்து வைக்கப் பெடல் இருக்கிறது, விரல் எதற்கு? மணிக்கட்டு பக்கவாட்டில் ஒரு சின்ன வளைவு போட, முழங்கை கூடவே போகிறது.

இதைச் சொல்ல அவருக்கு இரண்டு நிமிடம்தான் ஆனது. நான் நான்கு நாள் வலியோடு இருந்தேன். ஆசிரியர் இல்லாமல் வீடியோக்களைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்த இரண்டு வருடத்தை நினைத்துக்கொண்டேன். வீடியோவுக்கு என் மணிக்கட்டு தெரியாது.

செப்டம்பர் 21, ஞாயிறு

நேற்று வகுப்பில் வலது கையையும் சேர்த்தோம். சேரவில்லை.

ஒரு அடிக்குள் வலது கைக்கு நான்கு சுவரம், இடது கைக்கு மூன்று. கணக்காகப் போட்டால், அடியைப் பன்னிரண்டாகப் பிரிக்க வேண்டும். வலது கை 1, 4, 7, 10இல் விழும். இடது கை 1, 5, 9இல் விழும். ஆக வரிசை: இரண்டும் சேர்ந்து, வலது, இடது, வலது, இடது, வலது. தாளில் கட்டம் போட்டு ஒட்டி வைத்து வாசித்துப் பார்த்தேன். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 40 அடியில் வைத்தால் வருகிறது. 50இல் வலது கை தானாகவே மூன்றுக்கு மாறிவிடுகிறது, அல்லது இடது கை நான்கைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டில் ஒன்று எப்போதும் மற்றதிடம் தோற்றுப்போகிறது.

செப்டம்பர் 25, வியாழன்

அதேதான். 48.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை விரிவாக எழுதி வைக்க வேண்டும்.

மாமா கொலு பார்க்க வந்தார். மாமா மிருதங்கம் வாசிப்பவர். நவராத்திரியில் கோயில் கோயிலாகக் கச்சேரி இருக்கும், இன்று மதியம் மட்டும் ஓய்வு. சுண்டல் கிண்ணத்தோடு என் அறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். "ஏன் கண்ணு, தடுக்கித் தடுக்கிப் போகுது?" என்றார். கட்டம் போட்ட தாளைக் காட்டினேன்.

"கணக்கு சரிதான். பன்னண்டாப் பிரிச்சா வந்துதான் ஆகணும். ஆனா வாசிக்கறவன் பன்னண்டா எண்ணுவான்? அடி ஒண்ணுதான் எண்ணுவான். இது நடை, ஒரு அடிக்குள்ள எத்தனைங்கறது. ஒரு கை திஸ்ரம், மூணு. ஒரு கை சதுஸ்ரம், நாலு. வா, இப்படி உக்காரு."

பியானோவை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். ஆதி தாளம் போடச் சொன்னார். தொடையில் தட்டிக்கொண்டே ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு தாளச் சுற்று, நான்கெழுத்துத் தகதிமி, அடுத்த ஆவர்த்தனம் மூன்றெழுத்துத் தகிட. வாய் மாற வேண்டும், கை மாறக் கூடாது. முதலில் தகிடவுக்கு வந்ததும் என் கை வேகம் எடுத்தது. "அடி அங்கேயே இருக்கட்டும். வார்த்தைதான் சுருங்கும், விரியும்." பதினைந்து நிமிடம் கழித்து ஒரு அடி தகதிமி, ஒரு அடி தகிட என்று மாற்றி மாற்றிச் சொல்ல முடிந்தது. அப்புறம் அவர் தகிட சொன்னார், நான் அதே அடியில் தகதிமி. அப்புறம் மாற்றி. அவர் வாயைக் கவனித்த வரைக்கும் விழுந்தேன். அவர் தொடையில் தட்டும் கையைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

பியானோவுக்குத் திரும்பினோம். இடது கை மட்டும் வாசிக்க, நான் வாயால் தகதிமி சொன்னேன். மாமா நாற்காலிக் கையில் தாளம் போட்டார். சரியாக வந்த பிறகு வாயை நிறுத்திவிட்டு வலது கையை விட்டேன். நான்கு பார் போனது. 60இல்! மூன்றும் நான்கும் ஒன்றையொன்று தொடாமல் ஓடி அடியில் மட்டும் வந்து சந்தித்தன. இதைத்தான் கேசட்டில் கேட்டிருந்தேன். இரண்டு வேகம் ஒரே நேரத்தில் ஓடுவதால் வருகிற அந்த மினுமினுப்பு.

இன்னொன்றும் சொன்னார். வலது கை நுழையும் இடத்தில் அடியில் அது மௌனமாக இருக்கிறது, ஒரு சின்ன இடைவெளி விட்டுத்தான் தொடங்குகிறது. இதுவரை அதை ஒரு தொல்லையாகவே பார்த்திருந்தேன். மாமா கேட்டவுடன், "அட, அனாகத எடுப்பு" என்றார். தாளம் போன பிறகு பாட்டு எடுப்பது. அவ்வளவுதான். பெயர் தெரிந்ததும் பயம் போய்விட்டது.

அக்டோபர் 4, சனி

டீச்சரிடம் தகதிமி, தகிட இரண்டையும் சொல்லிக் காட்டினேன். அவரும் சொல்லிப் பார்த்தார். சேர்ந்து செய்யலாம் என்று அவர் கை தட்டினார், நான் வாசித்தேன். ஆனால் தட்டல் என்னிடம் வந்து சேர நேரமாகிறது, என் ஒலி அவரிடம் போய்ச் சேர இன்னும் நேரமாகிறது. இணைய வகுப்பில் இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கவே முடியாது. நேர் வகுப்போடு ஒப்பிட்டால் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது இது ஒன்றுதான். ஆசிரியரின் தாளத்தில் சாய்ந்துகொள்ள வழியில்லை. என் தாளத்தை நானே வைத்திருக்க வேண்டும்.

மாமா சொன்ன அடி விஷயத்தைச் சொன்னபோது டீச்சர் எழுந்து போய் ஒரு புத்தகம் எடுத்து வந்தார். ஷோப்பனின் மாணவர்கள் எழுதி வைத்திருக்கிறார்களாம். இடது கையை வாத்தியக் குழுவின் நடத்துநராக வைத்துக்கொள்ள வேண்டும், வலது கை முன்னே பின்னே போகலாம், இடது கை நேரம் தவறக் கூடாது. தாளக்காரரும் பாடகரும் போல.

அக்டோபர் 17, வெள்ளி

1849இல் இதே நாளில் ஷோப்பன் பாரிஸில் இறந்தார். 39 வயது. உடல் பாரிஸில் பேர் லாஷேஸ் கல்லறையில் இருக்கிறது. இதயத்தை மட்டும் வார்சாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஹோலி கிராஸ் தேவாலயத்தில் ஒரு தூணுக்குள் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் ஷோப்பன் போட்டி இந்த மாதம்தான் அங்கே நடக்கிறது, தினமும் நேரலையில் பார்க்கிறேன். ஆனால் 17ஆம் தேதி போட்டி கிடையாது. அந்தத் தேவாலயத்தில் மோட்ஸார்ட்டின் இரங்கல் பாடல் பூசைதான் நடக்கும்.

நான் வாசிக்கும் உருப்படியை அவர் உயிரோடு இருந்தவரை அச்சிடக் கொடுக்கவே இல்லை. அச்சாகாத கையெழுத்துகளை எரித்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய விருப்பம். நண்பர் யூலியன் ஃபோன்டானா அதை மீறி 1855இல் வெளியிட்டார். அப்புறம் ஒரு நூற்றாண்டு கழித்து, 1960இல், பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைனுக்கு வேறொரு கையெழுத்துப் பிரதி கிடைத்தது. ஷோப்பனே 1835இல் எஸ்தே சீமாட்டி ஒருவரின் ஆல்பத்தில் எழுதிக் கொடுத்தது. இரண்டுக்கும் இடையில் வித்தியாசங்கள் உண்டு, இடது கையிலும்கூட. டீச்சர் இரண்டையும் அனுப்பி, எது வேண்டும் என்று என்னையே முடிவு செய்யச் சொன்னார். நான் ஃபோன்டானா பதிப்பையே வைத்துக்கொண்டேன். இருபது வருடமாக என் காதில் இருப்பது அது.

இறந்தவரின் விருப்பத்தை மீறியது சரியா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஃபோன்டானாவுக்கு நன்றி சொல்லாமல் என்னால் இன்று இதை வாசிக்க முடியவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெளியே ஓயாத வெடி. ஹெட்போன் மாட்டிக்கொண்டு இருபது நிமிடம், இடது கை மட்டும். 76.

நவம்பர் 1, சனி

வகுப்பு இல்லை. அங்கே இன்று எல்லோரும் கல்லறைகளுக்குப் போய் விளக்கேற்றும் நாள். போன ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்துவிட்டார்கள், இனி எனக்கு வகுப்பு இரவு 8:30.

நடுப்பகுதியைத் தனியாக எடுத்தேன். சி ஷார்ப் மைனரிலிருந்து டி ஃபிளாட் மேஜருக்கு மாறுகிறது. எழுதும் பெயர்தான் வேறு, கட்டை அதே கருப்புக் கட்டை. அதாவது ஷட்ஜம் அசையவில்லை, மேலே இருந்த சுவரங்கள் மாறுகின்றன. நம் காதுக்குக் கீரவாணி ராகத்திலிருந்து அதே ஸ்ருதியில் சங்கராபரணத்துக்கு வந்த மாதிரி. அம்மா சமையலறையிலிருந்து, "இந்த இடம் நல்லா இருக்கு" என்றாள். முதல் பகுதிக்கு அவள் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

நவம்பர் 8, சனி

வாசித்துக் காட்டினேன். சுவரமெல்லாம் சரி. "இப்போது பாடுங்கள்" என்றார் டீச்சர். பாடினேன். மூச்சு எங்கே எடுத்தேனோ அங்கே பென்சிலால் குறி போடச் சொன்னார். பார்த்தால் விரல் வாசித்தபோது ஒரு இடத்தில்கூட மூச்சு விட்டிருக்கவில்லை. ஷோப்பன் தன் மாணவர்களை ஓபெரா பாடகர்களைக் கேட்கச் சொல்வாராம்.

அந்த ஒரே மெட்டு பல முறை திரும்பி வருகிறது, கிட்டத்தட்ட அப்படியே. முதலில் எனக்கு அலுப்பாக இருந்தது. சங்கதி, அதாவது ஒரே வரியைச் சின்னச் சின்ன மாற்றத்தோடு திரும்பப் பாடுவது, என்று நினைத்துக்கொண்ட பிறகு அலுப்பு போய்விட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன மாற்றம் போதும். ஒரு தடவை உச்சி சுவரத்துக்குக் கொஞ்சம் தாமதித்துப் போகிறேன், ஒரு தடவை சத்தத்தை அங்கே குறைத்துவிடுகிறேன். இடது கை மட்டும் அசையாமல் தன் மூன்றில் போகிறது.

நவம்பர் 23, ஞாயிறு

முதல் பகுதி 104. இரண்டு வாரமாக அங்கேயே நிற்கிறது. நேற்று டீச்சர் பதிவைக் கேட்டுவிட்டு, வேகத்தைக் கூட்ட வேண்டாம், பாதிக்கு இறக்குங்கள் என்றார். 52இல் வாசித்தபோது தெரிந்தது. வலது கையில் நான்காம் விரல் விழும் சுவரங்கள் எல்லாம் மெலிந்திருக்கின்றன. வேகத்தில் அது மறைந்துபோகிறது, ஆனால் தடுமாற்றம் அங்கிருந்துதான் புறப்படுகிறது. இன்னொன்றும் காதில் விழுந்தது. கொஞ்ச தூரம் போனதும் வலது கையின் ஓட்டத்துக்குள்ளேயே ஒரு மெட்டு ஒளிந்திருக்கிறது. அச்சில் அந்தச் சுவரங்களுக்கு மட்டும் அக்சென்ட் குறி, அழுத்தி வாசிக்கச் சொல்லும் குறி, உண்டு. அந்தச் சுவரங்களை மட்டும் பொறுக்கி எடுத்துத் தனியாக வாசித்தேன். ஒரு பாட்டு வந்தது.

டிசம்பர் 7, ஞாயிறு

கடைசிப் பக்கம். வலது கை தணிந்து முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. நடுப்பகுதியின் மெட்டு இப்போது கீழே, இடது கையில், நிதானமாக வருகிறது. மூன்று மாதமாகத் தாளம் போட்ட கைக்கு இப்போதுதான் பாட்டு கிடைக்கிறது. சுண்டுவிரலுக்குப் பலம் போதவில்லை, மெட்டு வலது கையின் அடியில் மூழ்கிவிடுகிறது. வலது கையை எடுத்துவிட்டு இடது கையை மட்டும் ஒன்பது தடவை வாசித்தேன்.

மாமாவுக்கு மார்கழிக் கச்சேரிகள் தொடங்கப்போகின்றன. அதற்கு முன்னால் ஒருநாள் வரச் சொல்லியிருக்கிறேன். முழுசும் வேகமாக வராது, 92இல்தான் வாசிப்பேன் என்று சொன்னேன். "அடி நிக்குதா?" என்று கேட்டார். நிற்கிறது என்றேன். "அப்ப புதன்கிழமை வரேன் கண்ணு."