புதுச்சேரி வெக்கையில் டென்டுக்குள் லெட்டூஸ்: தண்ணீரின் சூட்டைக் கவனியுங்கள்

வீட்டுக்குள் டென்ட் (செடி வளர்க்கிற துணிக்கூண்டு) போட்டு மண்ணில்லாமல் செடி வளர்க்க நினைக்கிற எல்லோரும் முதலில் கேட்பது, என்ன லைட் வாங்கலாம் என்றுதான். குளிர் நாட்டில் அது சரியான கேள்வி. புதுச்சேரியிலும் கடலூரிலும் முதலில் கேட்க வேண்டியது வேறு: வேர் நிற்கிற தண்ணீர் எத்தனை டிகிரியில் இருக்கும்?

20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அதே நேரத்தில், சூடு ஏற ஏற வேருக்கு மூச்சு அதிகம் வேண்டும். தேவை கூடி, இருப்பு குறையும் அந்த இடத்தில்தான் பித்தியம் என்கிற வேரழுகல் கிருமி நுழைகிறது. லெட்டூஸுக்கு (சாலட் கீரை) தண்ணீர் 18 முதல் 24 டிகிரி வரை இருந்தால் நிம்மதி. 26-ஐத் தாண்டினால் ஆபத்து. மே மாதம் இங்கே ராத்திரியே பெரும்பாலும் 26 டிகிரிக்குக் கீழே இறங்காது. அதனால் கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான் வரும்.

இன்னொன்றையும் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். இந்த டென்டுகளுக்கான வெளிநாட்டு வீடியோக்களில் பெரும்பாலானவை கஞ்சாச் செடியை வைத்து எடுத்தவை. இந்தியாவில் அதை வளர்ப்பது 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வீட்டுக்குள் ஒரே ஒரு செடி என்றாலும் விலக்கு கிடையாது. சட்டத்தை விடுங்கள், அந்தக் கணக்குகள் கீரைக்குப் பொருந்தவே பொருந்தாது. அதில் சொல்கிற லைட்டும் உர உப்பும் லெட்டூஸைக் கருக்கிவிடும். வாடையை அடக்கக் கூடவே விற்கிற கார்பன் ஃபில்டரும் தேவையில்லை, காற்றோட்டத்தைத்தான் அடைக்கும்.

60 சென்டிமீட்டர் சதுரத்தில் 140 சென்டிமீட்டர் உயர டென்ட் ஒரு வீட்டுக்குப் போதும். அதன் கொள்ளளவு அரை கன மீட்டர். நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளே இருக்கிற காற்று முழுதும் மாற வேண்டும் என்றால் மணிக்கு 30 கன மீட்டர் இழுக்கிற ஃபேன் வேண்டும். நாலு இஞ்ச் இன்லைன் ஃபேனை (குழாயோடு பொருத்துகிற ஃபேன்) குறைந்த வேகத்தில் ஓட்டினாலே அதைவிட அதிகமாக இழுக்கும். மேலே ஃபேன், கீழே எதிர்ப்பக்கத்தில் கொசுவலை கட்டிய வாய். உள்ளே ஒரு சின்ன கிளிப் ஃபேன், அது இலைமேல் வீச வேண்டும்.

லைட்டுக்குப் பெரிய செலவு வேண்டாம். லெட்டூஸுக்குச் சதுர மீட்டருக்கு நொடிக்கு 200 முதல் 250 மைக்ரோமோல் (செடிக்கான வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம், தினம் 16 மணி நேரம் இருந்தால் போதும். இந்த டென்டின் பரப்பு 0.36 சதுர மீட்டர்தான். நல்ல எல்இடி போர்டு என்றால் 40 முதல் 50 வாட்டில் முடிந்துவிடும். கடையில் கிடைக்கிற இரண்டு அடி, 10 வாட் வெள்ளை பேட்டன் (டியூப் லைட்) எட்டு மாட்டினாலும் வேலை நடக்கும். கொஞ்சம் கூடுதல் சூடு, கூடுதல் கரன்ட். 50 வாட் போர்டு 16 மணி நேரம் எரிந்தால் 0.8 யூனிட். 100 வாட், 200 வாட் என்று ஆசைப்பட்டு வாங்கினால் அந்த வாட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் டென்டுக்குள் இறங்கும்.

டைமரை எப்படி வைக்கிறீர்கள் என்பது லைட்டின் விலையைவிட முக்கியம். சாயங்காலம் 6 மணிக்கு எரியட்டும், காலை 10 மணிக்கு அணையட்டும். உச்சி வெயிலில் அறை கொதிக்கும்போது டென்ட் இருட்டில் கிடக்கும். லைட்டின் சூடு வெளிச்சூட்டோடு சேராது. ராத்திரி ஏசி ஓடுகிற அறை இருந்தால் டென்டை அங்கேயே வையுங்கள், ஃபேனும் அந்தக் குளிர்ந்த காற்றையே உள்ளே இழுக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறையும் மேற்குப் பார்த்த சுவரும் வேண்டவே வேண்டாம்.

வேர் நிற்கிற தண்ணீருக்கான தொட்டியை ஆன்லைனில் தேட வேண்டியதில்லை. தேங்காய்த்திட்டு துறைமுகத்திலும் கடலூர் துறைமுகத்திலும் மீனை ஐஸ் போட்டு அனுப்புகிறார்களே, அந்தத் தெர்மாகோல் பெட்டிதான் நம் ஊருக்கு ஏற்ற தொட்டி. பிளாஸ்டிக் டப்பாவில் அறைச்சூடு சீக்கிரம் தண்ணீருக்கு ஏறிவிடும். தெர்மாகோலில் ரொம்ப மெதுவாகத்தான் ஏறும். புதுப்பெட்டி என்றால் நல்லது. பழையது என்றால் சோப்புப் போட்டுக் கழுவி, பிளீச்சிங் தண்ணீரில் ஊற வைத்து, வெயிலில் காய வையுங்கள். உள்ளளவு நீளம் 50, அகலம் 35, ஆழம் 22 சென்டிமீட்டர் கிடைத்தால் சரியாக இருக்கும். உள்ளே கருப்பு பாலிதீன் ஷீட்டை ஒட்டு இல்லாமல் ஒரே துண்டாக விரித்து விளிம்பில் டேப் போடுங்கள். தெர்மாகோல் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் புகும், புகுந்தால் பாசி பிடிக்கும். கருப்பு ஷீட் அதற்குத்தான். மூடியில் இரண்டு இஞ்ச் நெட் கப் (செடி நிற்கிற சல்லடைக் கிண்ணம்) இறங்குகிற மாதிரி ஆறு துளை, மூன்று மூன்றாக இரண்டு வரிசை. சூடான இரும்புக் குழாயால் துளைத்தால் தெர்மாகோல் உருகிப் புகை வரும். கத்தியால் வெட்டுவதே மேல்.

இனி தண்ணீர். கடலோர போர்வெல் தண்ணீரை நம்பி இறங்காதீர்கள். உர உப்பு எதுவும் போடுவதற்கு முன்னாலேயே இசி பேனா (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) மில்லிசீமன்ஸ் கணக்கில் 1-க்கு மேலே காட்டினால் அதில் பெரும்பங்கு சோடியமும் குளோரைடும் பைகார்பனேட்டுமாக இருக்க வாய்ப்பு அதிகம். செடிக்கு வேண்டிய உரத்துக்கு இடமே இருக்காது. கொதிக்க வைத்தால் சோடியம் போகாது. ஆர்ஓ தண்ணீர் பிடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாடியைக் கழுவிவிட்டு, முதல் மழையை ஓடவிட்டு, அடுத்து வருகிற மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்தால் அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 போட்டால் போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. அதில் கால்சியம் இல்லை. நைட்ரஜனில் பெரும்பகுதி யூரியாவாக இருக்கும்; மண்ணில் நுண்ணுயிர் அதை மாற்றிக் கொடுக்கும், வெறும் தண்ணீரில் அது சரியாக நடக்காது. தனித்தனி உப்பாக வாங்கி இரண்டு பாட்டில் கலந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ பாட்டிலில் ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீருக்குக் கால்சியம் நைட்ரேட் 60 கிராம், 12 சதவீத இரும்புச் சத்துள்ள எஃப்இ-ஈடிடிஏ 2 கிராம். பி பாட்டிலில் ஒரு லிட்டருக்குப் பொட்டாசியம் நைட்ரேட் (13:0:45) 25 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் (0:52:34) 15 கிராம், மெக்னீசியம் சல்பேட் 30 கிராம், அதோடு நுண்ணூட்டக் கலவை. நுண்ணூட்டத்தின் அளவை பாக்கெட்டில் போட்டிருக்கிற போரான் சதவீதத்தை வைத்துப் போடுங்கள்: பி பாட்டிலில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் போரான், அதற்கு மேல் வேண்டாம். கலவையிலேயே இரும்பு இருந்தால் அந்த அளவை ஏ பாட்டிலில் குறைத்துவிடுங்கள்.

தொட்டியில் ஒரு லிட்டருக்கு ஏ-யில் 10 மில்லி, பி-யில் 10 மில்லி. 30 லிட்டர் பெட்டிக்குத் தலா 300 மில்லி. இசி ஏறக்குறைய 1.3 முதல் 1.4 காட்டும். சித்திரை, வைகாசியில் தலா 250 மில்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெக்கையில் செடி உரத்தைவிடத் தண்ணீரை அதிகம் உறிஞ்சும், மிச்சத் தண்ணீரில் உப்பு தானாகவே ஏறும். ஏ-யையும் பி-யையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது. கால்சியமும் சல்பேட்டும் பாஸ்பேட்டும் அந்த அடர்த்தியில் சேர்ந்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. முதலில் தண்ணீர், அதில் ஏ, நன்றாகக் கலக்கிவிட்டுப் பிறகு பி. கால்சியம் நைட்ரேட் பாக்கெட்டைத் திறந்து வைத்தால் நம் ஊர்க் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து ஒரே வாரத்தில் கூழாகிவிடும். வாங்கிய அன்றே காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றுங்கள். இரும்புச் சத்து வெளிச்சத்தில் சிதையும், அதனால் ஏ பாட்டிலை இருட்டில் வையுங்கள்.

தண்ணீரின் அமிலத்தன்மையைச் சொல்கிற பிஎச் 5.8-க்கும் 6.2-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஏறினால் பாஸ்பாரிக் அமிலத்தை நீர்த்து, சொட்டுச் சொட்டாக விடுங்கள், கையுறை கட்டாயம். எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ விட்டால் அன்றைக்கு இறங்கும், அதை பாக்டீரியா தின்று முடித்ததும் திரும்ப ஏறும். பிஎச் பேனாவின் நுனி காயக் கூடாது.

விதை முளைக்கவில்லை என்று பலர் கைவிடுவது இங்கேதான். விதையில் குறையில்லை. லெட்டூஸ் விதைக்கு ஈரத்தோடு சூடும் சேர்ந்து 28, 30 டிகிரியைத் தாண்டினால் முளைக்காமல் உறங்கிவிடும். ஒரு இஞ்ச் ஸ்பாஞ்சில் விதையை வைத்து, நனைத்து, மூடிய டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். பிறகு 25 டிகிரிக்குள் இருக்கிற இடத்துக்கு மாற்றினால் இரண்டே நாளில் வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். முனை தெரிந்த அன்றே லைட்டுக்குக் கீழே கொண்டுபோய்விட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு நூலாக நீண்டு சாயும். முதல் நிஜ இலை வருகிறவரை வெறும் தண்ணீர், பிறகு பாதி அளவு உரம். லெட்டூஸில் பட்டாவியா வகை, லோலோ ரோஸா இரண்டும் நம் சூட்டை ஓரளவு தாங்கும். உருண்டையாகக் கட்டுகிற ஐஸ்பர்க் இங்கே வேண்டாம்.

பத்துப் பன்னிரண்டு நாளில் வேர் ஸ்பாஞ்சுக்குக் கீழே தொங்கும். அப்போது நெட் கப்பில் வைத்துப் பெட்டிக்கு மாற்றுங்கள். தண்ணீர் கப்பின் அடியை ஒரு சென்டிமீட்டர் தொட்டால் போதும். இது பம்ப் இல்லாத முறை. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பெயரில் வழங்குவது. செடி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் இறங்கும், மேலே காற்று இடைவெளி விரியும், அந்த இடைவெளியில் கிளைவிடுகிற வேர் காற்றிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். பாதி இறங்கிவிட்டதே என்று பதறி விளிம்புவரை நிரப்பிவிடாதீர்கள். காற்றுக்குப் பழகிய அந்த வேர் மூழ்கினால் ஒரே நாளில் செடி துவண்டுவிடும். ரொம்பவே இறங்கினால் ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஒரு செடிக்கு 5 லிட்டர் கணக்கில் 30 லிட்டர் ஆறு செடிக்கு அறுவடைவரை ஏறக்குறைய போதும்.

காற்றுப் பம்ப் வைத்த முறை இன்னும் வேகமாக வளர்க்கும் என்பது உண்மைதான். ஆனால் 2011-இல் தானே, 2024-இல் ஃபெஞ்சல் என்று புயல் பார்த்த ஊர் இது. கரன்ட் போய்ப் பம்ப் நின்றால், சூடான தண்ணீரில் மூழ்கிய வேர் சில மணி நேரத்தில் மூச்சுத் திணறும். கிராட்கி பெட்டிக்குக் கரன்ட் போனால் வெளிச்சம்தான் இல்லை, வேருக்கு ஒன்றும் ஆகாது.

கோடையில் தண்ணீரை இறக்க ஐஸ் பாட்டில். ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே நிரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். முழுக்க நிரப்பினால் வெடிக்கும். அந்தப் பாட்டில் ஐஸ் முழுதும் உருகினால் 30 லிட்டர் தண்ணீரை ஏறக்குறைய மூன்று டிகிரி இறக்கும். தெர்மாகோல் பெட்டியாக இருந்தால் அது பல மணி நேரம் நிற்கும். மூடியின் மூலையில் பாட்டில் நுழைகிற அளவு தனித் துளை போட்டு அடைப்பு வைத்துக்கொண்டால், செடியை அசைக்காமல் மாற்றலாம். பிற்பகல் ஒன்று, இரவு படுக்கும்முன் ஒன்று.

இலை ஓரம் கருகினால் உடனே கால்சியம் போடாதீர்கள். உள்பக்கத்துக் குருத்திலை கருகுவது பெரும்பாலும் தண்ணீரில் கால்சியம் இல்லாததால் அல்ல. புழுக்கத்தில் இலை வியர்க்காததால் கால்சியம் மேலே ஏறவில்லை. கிளிப் ஃபேனைக் குருத்தின்மேல் திருப்புங்கள், லைட்டைக் கொஞ்சம் மங்கலாக்குங்கள், இசியை 1-க்கு அருகில் கொண்டு வாருங்கள். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு; அப்போதும் முதலில் பிஎச் பாருங்கள், 6.5-ஐத் தாண்டியிருக்கும். வேர் பழுப்பாகி, தொட்டால் வழுவழுப்பாகி, சாக்கடை வாடை அடித்தால் அது அழுகல். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் காப்பாற்றலாம் என்பார்கள். நான்கு நாள் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். அந்தப் பெட்டியைக் காலி செய்து, ஷீட்டை மாற்றி, நெட் கப்புகளை பிளீச்சிங்கில் ஊற வைத்துப் புதிதாகத் தொடங்குவதே சிக்கனம்.

கடல் காற்றை மறந்துவிடாதீர்கள். டென்ட் கம்பியின் மூட்டு, லைட் டிரைவரின் (லைட்டுக்குக் கரன்டை மாற்றித் தரும் பெட்டி) முனை, ஃபேன் பிளக் மூன்றிலும் உப்பு ஏறித் துருவோ பச்சையோ பூக்கும். மாதம் ஒரு முறை கழற்றித் துடையுங்கள். தண்ணீரும் கரன்டும் ஒரே சதுர அடியில் இருப்பதால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரன்டை நிறுத்தும் சுவிட்ச்) இல்லாத லைனில் டென்டை மாட்டவே கூடாது. எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் போடாமல் சுவரில் உயரத்தில் மாட்டுங்கள். வயர் பிளக்குக்கு வருமுன் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏறட்டும், சொட்டு வழிந்தாலும் அங்கேயே விழுந்துவிடும்.

முதல் முறை தொடங்குபவர்கள் கார்த்திகையிலிருந்து மாசிக்குள் லெட்டூஸ் போடுங்கள். பங்குனி பிறந்தால் அதே பெட்டியில் இத்தாலியன் பேசில் (துளசி இனத்து வாசனைச் செடி) போடலாம். அதற்கு நம் சூடு பிடிக்கும், விதை ஃபிரிட்ஜ் ஏற வேண்டியதில்லை. பேசிலில் மூன்று ஜோடி இலை வந்ததும் நுனியை இரண்டாவது ஜோடிக்கு மேலே கிள்ளுங்கள். அந்தக் கணுவில் இரண்டு கிளை எழும், திரும்பத் திரும்பக் கிள்ளினால் பூ தள்ளிப்போகும். புதினாவைக் கடையில் வாங்கிய கட்டிலிருந்தே தண்டு ஒடித்து வைக்கலாம். சிறுகீரை, அரைக்கீரைக்கு மட்டும் இந்தப் பாடு வேண்டாம். பெரிய மார்க்கெட்டில் காலையில் பறித்த கட்டு கிடைக்கும்போது, அதற்கு லைட் எரிப்பது வீண்.