கல்லாவை ஒட்டிய கண்ணாடி அலமாரி

எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் வலது பக்கம் அரிசி, பருப்பு, புளி. இடது பக்கம், கல்லாவை ஒட்டி, கண்ணாடி அலமாரி. வலது பக்கத்துச் சாமான்களுக்கு வீட்டில் சீட்டு எழுதித் தருகிறார்கள். இடது பக்கத்துக்கு யாரும் சீட்டு எழுதியதே இல்லை. ஆனாலும் பில் ஏறுவதெல்லாம் அங்கேதான்.

கடைக்கார அண்ணாச்சிக்கு உடன்குடிப் பக்கம். வியாழக்கிழமை காலையில் ஆம்னி பஸ்ஸில் ஊர்ச் சரக்கு வந்து இறங்கும். சாத்தூர் காராச்சேவு, கோவில்பட்டி கடலைமிட்டாய், சில்லுக்கருப்பட்டி, தூத்துக்குடி மக்ரூன்.

காராச்சேவை நான் சமாளித்துவிடுவேன். கடலைமிட்டாயையும்தான். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமை அதற்கு உண்டு. பாகு பல்லில் ஒட்டாமல் மொடுக்கென்று முறிந்தால் நல்ல சரக்கு. ஒரு துண்டோடு எழுந்துவிடலாம்.

மக்ரூனிடம் அந்த வீராப்பு செல்லாது. முட்டையின் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரை பொங்க அடித்து, முந்திரித் தூள் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வைத்து எடுப்பார்கள். வாயில் போட்டால் முதலில் மேல் ஓடு நொறுங்கும். பிறகு நுரை கரைந்து போகும். கடைசியில் முந்திரி மட்டும் நாக்கில் நறநறவென்று தங்கும். அதற்கு ஈரக் காற்றுதான் எமன். சென்னையில் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டுக் குளித்துவிட்டு வந்தால் பிசுபிசுத்துக் கிடக்கும். ஆகவே பிரித்தால் முடித்தே ஆக வேண்டும். சர்க்கரை ஈரத்தை இழுக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். என் மனைவி அதைச் சாக்கு என்கிறாள்.

அண்ணாச்சி ஒருநாளும் ‘வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல மாட்டார். துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே, கிழித்த தாளில் எதையோ வைத்து என் பக்கம் தள்ளுவார். “முனை உடைந்துவிட்டது தம்பி, விற்க முடியாது. வாயில் போடுங்கள்.” எனக்கென்று ஒதுங்கும் உடைசலைப் பார்த்தால், அந்த பஸ் ரோட்டில்தான் வருகிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது. தின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்ப எந்த மனிதனுக்கு மனம் வரும்? “கால் கிலோ கட்டுங்கள் அண்ணாச்சி” என்று வாய் தானாகச் சொல்லிவிடும். சூப்பர் மார்க்கெட்டிலும் பில் போடும் இடத்தில், குழந்தைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில், சாக்லேட்டை அடுக்கித்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே நான் அசைந்ததில்லை. ஊட்டிவிட ஆள் இல்லையே.

இப்போது சீட்டைக் கொடுத்து மகளை அனுப்புகிறார்கள். அவள் சில்லுக்கருப்பட்டிக் கட்சி. அதில் சுக்கு சேர்த்திருப்பதால் மருந்துக் கணக்கில்தான் வருமாம். அண்ணாச்சியும் பில்லில் ‘சுக்கு’ என்றே எழுதித் தருகிறார்.