உட்லண்ட்ஸா, ஜொகூரா: நாங்கள் போட்ட கணக்கு

"அஞ்சரை லட்சம் வெள்ளிக்கு மேல கொடுத்து மாடியில ஒரு நாலறை வீடா? அந்தக் காசுக்கு இங்க மூணு தாமான் வீடு வாங்கலாமே!" குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சின்னத்தை கேட்டிருந்தார். கணக்கு சரிதான். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் நாங்கள் வாங்கப்போகும் மறுவிற்பனை வீட்டின் விலை 560,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. மலேசியாவில் ஜொகூரின் மாசாய், ஸ்கூடாய் பக்கம் ஆறு லட்சம் ரிங்கிட்டுக்கு ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பேட்டையில், இரண்டு மாடி வரிசை வீடு, சொந்த நிலத்தோடு கிடைக்கும். இங்கே நாங்கள் வாங்குவதோ 99 ஆண்டுக் குத்தகையில் மீதமிருக்கும் காலத்தை. நாலறை என்று பேர், படுக்கையறை மூன்றுதான். அப்படியிருந்தும் ஏன் இந்தப் பக்கம் வருகிறோம் என்று உறவில் பலரும் கேட்டுவிட்டதால் இங்கே விவரமாகவே எழுதிவிடுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் மலேசியக் குடும்பங்கள் நிறைய உண்டு என்பதும் எனக்குத் தெரியும்.

நாங்கள் இருவரும் ஜொகூரில் பிறந்தவர்கள். வீட்டுக்காரருக்கு சிங்கப்பூரின் செனோக்கோவில் பராமரிப்புத் தொழில்நுட்பர் வேலை. எனக்கு உட்லண்ட்ஸில் ஒரு சிறு நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. 2022ல் குடும்பமாக சிங்கப்பூர் நிரந்தரவாசம் கிடைத்தது. அதன் பிறகும் மாசாய் வீட்டிலிருந்துதான் வேலைக்குப் போய் வந்தோம்.

முதலில் வருமான வரி. "சிங்கப்பூர்ல வரி கம்மி, அதுக்காகத்தான் போறாங்க" என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். கணக்கு எழுதுபவள் என்பதால் இதை நானே போட்டுப் பார்த்தேன். மாதம் 5,000 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 60,000. ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதிக்குப் போகும் 12,000, வேலை செய்பவருக்கான 1,000 கழிவு, இரண்டையும் எடுத்தால் 47,000க்கு வரி. முதல் இருபதாயிரத்துக்கு ஒன்றுமில்லை. அடுத்த பத்தாயிரத்துக்கு 2 விழுக்காடு, அதற்கடுத்த பத்தாயிரத்துக்கு 3.5, மிச்சத்துக்கு 7. மொத்தம் 1,040 வெள்ளி. அதே 60,000ஐ ரிங்கிட்டில் ஜொகூரில் சம்பாதிப்பவருக்கு, சொந்தக் கழிவு 9,000மும் அங்கத்திய சேம நிதியான இபிஎஃப்புக்கான கழிவு 4,000மும் போனால் வரி போடும் தொகை அங்கேயும் 47,000தான். வரி 1,320 ரிங்கிட். இங்கே நூற்றுக்கு ஒன்றே முக்கால், அங்கே இரண்டு சொச்சம். எங்களைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு இதற்காக நாடு மாற வேண்டியதில்லை. வருமானம் ஏற ஏறத்தான் இடைவெளி பெரிதாகிறது. ஒரு லட்சத்தைத் தாண்டிய வருமானத்துக்கு மலேசியாவில் 25 விழுக்காடு. இங்கே அந்த நிலையில் 11.5தான்.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. சிங்கப்பூரில் வேலை செய்து வாங்கும் சம்பளத்துக்கு வரி சிங்கப்பூரில்தான். இரவு எந்தக் கரையில் படுத்தாலும் அது மாறாது. ஆகவே சம்பளம் இங்கே வாங்கும் குடும்பம் "ஜொகூர் வரி, சிங்கப்பூர் வரி" என்று ஒப்பிடுவதில் பயனே இல்லை. இங்கே பொருள் சேவை வரி (ஜிஎஸ்டி) 2024லிருந்து 9 விழுக்காடாகிவிட்டது, அது தினமும் கண்ணில் படுகிறது. அந்தப் பக்கம் 2018ல் ஜிஎஸ்டி போய் விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. மளிகைச் சாமான் அங்கே மலிவு என்பது எல்லாருக்கும் தெரிந்தது, அதில் சொல்ல ஒன்றுமில்லை.

எங்களை நிஜமாகவே உலுக்கிய வரி வேறு. நிரந்தரவாசிகள் இங்கே முதல் வீடு வாங்கினாலும் 5 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி உண்டு. 560,000க்கு அது 28,000 வெள்ளி. வழக்கமான முத்திரை வரி 11,400. ஆக, சாவி கைக்கு வருமுன்னே 39,400 வெள்ளி போகிறது. குடிமக்களுக்கு முதல் வீட்டில் அந்த 28,000 கிடையாது. இந்த அரசாங்க வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கடனும் எங்களுக்குக் கிடையாது, வங்கிக்குத்தான் போக வேண்டும். வங்கி முக்கால் பங்கு கொடுக்கும். மீதிக் கால் பங்கில் விலையின் 5 விழுக்காட்டையாவது ரொக்கமாகக் கட்ட வேண்டும், மற்றதை சேம நிதியிலிருந்து எடுக்கலாம்.

அந்தச் சேம நிதிதான் தராசை இந்தப் பக்கம் சாய்த்தது. மாதாமாதம் சம்பளத்தில் 20 விழுக்காடு நம்முடையது, 17 விழுக்காடு முதலாளியுடையது என்று அதில் சேர்கிறது. சாதாரணக் கணக்கில் கிடப்பதற்கு 2.5 விழுக்காடு வட்டி. அந்தப் பணத்தை இங்கே வீட்டுக்கு எடுக்கலாம், மாசாய் வீட்டுக் கடனுக்கு ஒரு காசு எடுக்க முடியாது. அதனால் அந்தக் கடனை முழுக்கக் கையில் வரும் சம்பளத்திலிருந்தே கட்டி வந்தோம். மாதத் தவணை ரிங்கிட்டில் சின்னதாகத் தெரிந்தாலும், கையிருப்பைத் தின்றது அதுதான். இங்கே தவணை பெரிது, ஆனால் முக்கால்வாசியை சேம நிதி பார்த்துக்கொள்ளும்.

இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று அண்ணன் கேட்டான். முடியாது. வீவக வீடு வாங்கும் நிரந்தரவாசி வெளிநாட்டில் வைத்திருக்கும் குடியிருப்பு வீட்டை ஆறு மாதத்துக்குள் விற்றாக வேண்டும். 2014ல் கல்யாணமான கையோடு வாங்கிய வீடு அது. வாசலில் மாமியார் நட்ட முருங்கை கூரைக்கு மேல் நிற்கிறது. மலேசியக் குடிமக்களுக்கு ஆறாம் ஆண்டிலிருந்து சொத்து ஆதாய வரி இல்லை என்பதால் விற்றாலும் வரிச்சுமை கிடையாது, அந்த அளவுக்கு நிம்மதி.

வீடு தேடும்போது இனவாரி ஒதுக்கீடும் குறுக்கே வந்தது. 1989லிருந்து நடப்பில் இருக்கும் விதி. ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்ச அளவு. மார்சிலிங்கில் எங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு வீடு இருந்தது. காற்றோட்டம் நன்றாக இருந்தது, கீழே ஈரச்சந்தை. வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணைப் போட்டுப் பார்த்தால் இந்தியர் ஒதுக்கீடு நிரம்பியிருந்தது. நிரம்பிய புளோக்கில் இந்தியர் விற்றால்தான் இந்தியர் வாங்கலாம். அந்த வீட்டுக்காரர் சீனர். அதோடு முடிந்தது. நிரந்தரவாசிகளுக்கென்று தனியாக இருக்கும் ஒதுக்கீடு மலேசியர்களுக்குப் பொருந்தாது என்பது எங்களுக்கு ஒரு வசதி. அந்தப் பக்கம் மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களுக்கான ஒதுக்கீட்டு வீடுகளும் தள்ளுபடியும் பழகிப்போன விஷயம்தான். இரண்டும் ஒன்றல்ல. இங்கே உள்ள விதி எல்லா இனத்துக்கும் பொருந்தும், ஒரே இனம் ஓரிடத்தில் குவியாமல் பார்த்துக்கொள்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் சிறுபான்மையாக இருப்பவர்கள் விற்கும்போது வாங்குபவர் வட்டம் சுருங்குகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டை வாங்கும் உரிமையைப் பிடித்துவைக்கும் ஓப்ஷனுக்குப் பணம் கட்டுமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

இனி ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம். ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளம், 1924ல் திறந்தது. அதைக் கடக்க ஆகும் நேரத்தை எந்த வரி அட்டவணையிலும் போட முடியாது. நிரந்தரவாசம் கிடைத்ததும் வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிள் போயிற்று. மலேசியப் பதிவெண் வண்டியை நிரந்தரவாசி இங்கே ஓட்டக்கூடாது. பிறகு பேருந்துதான். விடிகாலை நாலரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, ஜொகூர் பாரு (ஜேபி) குடிநுழைவுச் சோதனைச்சாவடியில் இறங்கி ஏறி, வரிசையில் நின்று, 950ஆம் எண் பேருந்தைப் பிடித்து, உட்லண்ட்ஸில் மறுபடி இறங்கி, கடவுச்சீட்டை நீட்டி, மறுபடி வரிசையில் நின்று அதே எண் பேருந்தில் ஏறுவது. வெள்ளிக்கிழமை மாலை மழையும் சேர்ந்துகொண்டால் பாலத்தின் நடுவில் பேருந்து நிற்க, ஜன்னல் வழியே ஆட்கள் ஓரமாக நடந்து போவது தெரியும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று பாலர் பள்ளியிலிருந்து அழைப்பு வந்த ஒரு மத்தியானம், நானும் அப்படி இறங்கி நடந்தேன். அங்கிருந்து இங்கே பள்ளிக்கு வரும் பிள்ளைகள் சீருடையோடு அம்மா தோளில் தூங்கியபடி வரிசையில் நகர்வதை ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். என் மகள் தொடக்கநிலை ஒன்றுக்குப் போகும்போது அவளை அந்த வரிசையில் நிறுத்த மாட்டேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

2020 மார்ச் 18 இன்னொரு காரணம். கொரோனா பரவலால், இரண்டு நாளுக்கு முன் இரவில் அறிவித்து மலேசியா எல்லையை மூடியது. வேலையை விட முடியாமல் வீட்டுக்காரர் ஒரு பை துணியோடு இந்தப் பக்கம் வந்தார், நானும் கைக்குழந்தையும் மாசாயில். சக ஊழியர்கள் நாலு பேரோடு ஓர் அறையில் அவர் படுத்திருந்தார். ஆகஸ்டில் வந்த ஏற்பாட்டின்படி இங்கே மூன்று மாதமாவது இருந்துவிட்டுத்தான் விடுப்பில் ஊருக்குப் போகலாம், இரு பக்கமும் தனிமைப்படுத்திக்கொள்ள வேண்டும். தரைவழி 2021 நவம்பர் 29ல்தான் ஓரளவு திறந்தது, 2022 ஏப்ரல் 1ல்தான் முழுதாக. அந்தக் காலம் முழுக்க வாடகை ஒரு பக்கம், வீட்டுத்தவணை ஒரு பக்கம். வேலை ஒரு நாட்டிலும் வீடு இன்னொரு நாட்டிலும் இருப்பது எவ்வளவு ஆட்டம் காணக்கூடியது என்று அதன் பிறகு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு நாட்டையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் வந்துவிட்டால் எல்லாம் மாறும் என்கிறார்கள். ஜேபியின் புக்கிட் சாகாரிலிருந்து இங்கே உட்லண்ட்ஸ் நார்த்துக்கு நாலு கிலோமீட்டர், ஐந்து நிமிடப் பயணம், மணிக்கு ஒரு திசையில் பத்தாயிரம் பேர். இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். 2026 கடைசிக்குள் ஓடும் என்பது திட்டம். நிச்சயம் பெரிய ஆறுதல்தான். புக்கிட் சாகாருக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்கள் என்னைப் போல் அவசரப்பட வேண்டாம். மாசாயிலிருந்து அந்த நிலையத்துக்கு வருவதே காலை நெரிசலில் ஒரு பாடு.

அங்கே விட்டுவருவது கொஞ்சமல்ல. தைப்பூசத்துக்கு ஜொகூரில் விடுமுறை. இங்கே 1968லிருந்து இல்லை, விடுப்பு எடுத்துத்தான் பால்குடம் பார்க்க வேண்டும். ஜேபியில் ஜாலான் யாஹ்யா அவால் போன்ற தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டு வரை கணக்கையும் அறிவியலையும்கூடத் தமிழில் படிக்கலாம். இங்கே தமிழ் அதிகாரத்துவ மொழி, பள்ளியில் தாய்மொழிப் பாடமாக இருக்கிறது, ஆனால் அது ஒரு பாடம் மட்டும்தான். நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். என் மகளுக்கு அது கிடைக்காது என்பது எனக்கு உண்மையான வருத்தம். மகன் வளர்ந்தால் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவை செய்வான். அதை நாங்கள் தெரிந்தே ஏற்றுக்கொண்டோம்.

அண்ணனின் நிலைமை வேறு. அவனுக்கு ஜேபியின் தெப்ராவில் ஏர்கான் பழுதுபார்க்கும் கடை, வருமானம் ரிங்கிட்டில், சாப்பாடும் வீடும் ரிங்கிட்டில். அவன் இங்கே வந்தால் நஷ்டம்தான், வரச்சொல்லி நான் கேட்டதுமில்லை. அம்மாவும் அவனோடுதான் இருக்கப்போகிறார். அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டுக்கு சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து வாங்கிக்கொள்கிறார், அக்கம்பக்கமெல்லாம் பழகியவர்கள், லிப்ட் வைத்த வீடு அவருக்கு ஆகாது. 2025லிருந்து ஜொகூரிலும் சனி ஞாயிறே வார விடுமுறை ஆகிவிட்டதால் அண்ணன் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் ஒரே நாளில் வீட்டில் இருக்கிறார்கள். வெள்ளி சனி விடுமுறையாக இருந்த பதினோரு ஆண்டுகளில் அதுகூட அமையவில்லை.

மாசாய் வீட்டைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். வங்கிக் கடன் போக மிஞ்சுவதில் ஒரு பங்கை அம்மாவின் பெயரில் போட்டுவிடுவதென்று பேசி முடித்திருக்கிறோம். மீதி, கூடுதல் முத்திரை வரியான அந்த 28,000த்துக்கே சரியாகப் போய்விடும்.