குருத்தில் தண்ணீர் நிற்கக் கூடாது

பெட்டிகளைக்கூட உள்ளே இழுத்து வைக்கவில்லை. செருப்புக் காலோடு நேராக ஜன்னலோரம் போய் ஆர்க்கிட்டைத் தொட்டுப் பார்த்தேன். நடு இலை விரலோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் பழுப்பேறி, கொழகொழவென்று, அழுகின வாழைத்தண்டு மாதிரி இருந்தது. மூன்று தொட்டி, மூன்றுக்கும் அதே கதி. அதற்குள் எதிர்வீட்டு ஆண்ட்டி சாவியோடு வந்து நின்றார். முகம் நிறையச் சிரிப்பு. "ரோஜ் பானி தியா, பேட்டா" என்றார். தினமும் தண்ணீர் ஊற்றினாராம். நாங்கள் ஊருக்குப் போயிருந்த 22 நாளும்.

"தேங்க்யூ ஆண்ட்டி" என்று சொல்லி அனுப்பிவிட்டு, சமையலறையில் போய் நின்று அழுதேன். அவர்மேல் கோபமே இல்லை. காலையில் குளித்ததும் துளசிக்கு ஒரு செம்பு ஊற்றுவார். அந்தக் கையோடு என் வீட்டைத் திறந்து இதுகளுக்கும் தலைக்கு ஊற்றியிருக்கிறார். பெற்ற பிள்ளைக்குச் செய்கிற மாதிரிதான் செய்திருக்கிறார்.

டில்லிக்கு வந்து அது இரண்டாவது கோடை. மயூர் விஹாரில் மூன்றாவது மாடி. முதல் குளிர்காலத்தில் வீடே வெறிச்சென்று கிடந்தபோது நர்சரியிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த ஃபலனாப்சிஸ் செடிகள் அவை. இந்த வகைக்கு மண் கிடையாது. மரப்பட்டைத் துண்டும் கரியும் போட்ட, கண்ணாடி போலத் தெரிகிற தொட்டி. வெளியிலிருந்தே வேரைப் பார்க்கலாம். காய்ந்திருந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. காட்டில் மரத்தில் சாய்ந்து தொங்குவதால் மழைத்தண்ணீர் குருத்தில் தங்காமல் வழிந்துவிடும். தொட்டியில் நிமிர்ந்து நிற்கும்போது அப்படி வழியாது. டில்லியின் மே மாத வெயிலில், பூட்டிய வீட்டின் புழுக்கத்தில், தேங்கிய தண்ணீர் சீக்கிரமே அழுக வைத்துவிடும். இதற்கு ஒரே குருத்துதான். அது போனால் பெரும்பாலும் செடியே போன மாதிரி.

எங்கள் சேலத்து வீட்டின் பின்னால் ஒரு மாமரம் இருந்தது. அதன் கிளையில் ஒரு கொத்து வளர்ந்து, வருஷத்துக்கு ஒருமுறை பழுப்பும் மஞ்சளுமாகப் பூக்கும். "புல்லுருவி, மரத்தை உறிஞ்சிடும், பிச்சுப் போடு" என்பார் பாட்டி. பதினொன்றாம் வகுப்பில் தாவரவியல் டீச்சர் வாண்டா என்கிற ஆர்க்கிட்டின் வேரைப் படம் வரைந்து காட்டியபோதுதான் அது புல்லுருவி இல்லை, தொற்றுத்தாவரம் என்று தெரிந்தது. மரத்திலிருந்து ஒரு சொட்டும் எடுக்காது, உட்கார இடம் மட்டும்தான் வேண்டும். ஓடிவந்து பாட்டியிடம் சொன்னேன். "இடம் கேட்கிறது மட்டும் சும்மாவா?" என்றார். ஆனால் அப்புறம் பிய்க்கச் சொல்லவில்லை. அந்த வருஷம் ஏற்காட்டுக்குச் சுற்றுலா போனபோது, இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்தை விட்டு நகராமல் நின்று வாத்தியாரிடம் திட்டு வாங்கினேன்.

எங்கேயோ போய்விட்டேன். சொல்ல வந்தது வேறு. மூன்று செடி போனதைவிட எனக்கு ஆறாமல் கிடந்தது, ஆண்ட்டியிடம் சரியாகச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லாமல் போனதுதான். ஊரில் என்றால் மதில்மேல் எட்டிப் பார்த்து, "வேர் வெளுத்தா மட்டும் ஊத்துங்கக்கா, குருத்துல தண்ணி நிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருப்பேன். இங்கே ஆட்டோவுக்குப் பேரம் பேசுகிற இந்தி இருக்கிறது, காய்கறிக்காரரிடம் கறிவேப்பிலை கேட்டு வாங்குகிற இந்தி இருக்கிறது. குருத்துக்கு? வாழைக்குருத்து, தென்னங்குருத்து, பனங்குருத்து என்று வாய் நிறையப் புழங்கிய சொல். அதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல், "தோடா பானி" என்று மட்டும் சொல்லிவிட்டு ரயிலேறினேன். கொஞ்சம் தண்ணீர். அந்தக் கொஞ்சத்தைத்தான் அவர் தினமும் ஊற்றினார்.

அடுத்த வருஷம் புதிதாக இரண்டு செடி வாங்கினேன். அக்டோபர், நவம்பர் இரவுகளின் குளிர்ச்சியில் பூந்தண்டு கிளம்பி, பிப்ரவரியில் பூத்து, ஏப்ரல்வரை வாடாமல் நின்றது. டில்லியை நான் மனதார நேசிக்க ஆரம்பித்தது அந்த மூன்று மாதத்தில்தான். மே வந்ததும் பழைய பயம் வந்துவிட்டது. இந்த முறை சாவியைக் கொடுக்காமல் செடிகளையே தூக்கிக்கொண்டு ஆண்ட்டி வீட்டுக்குப் போனேன். அங்கே கூடத்தில் பகல் முழுக்கக் கூலர் ஓடும். ஆர்க்கிட்டுக்கு வேண்டிய ஈரக்காற்று அதில் இருக்கிறது. நேர் காற்று படாத மூலையில் தொட்டிகளை வைக்கும்போது ஒரு வாசனை வந்தது. என்னவென்று கேட்டேன். "கஸ்" என்றார். நான் கசகசா என்று நினைத்துக்கொண்டேன். கூலரின் பக்கத் தட்டியைக் கழற்றிக் காட்டினார். வெட்டிவேர்! பாட்டியின் மண்பானைத் தண்ணீரில் கிடக்குமே, அதே வேர்.

போவதற்கு முன் ஆண்ட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தொட்டியைப் பக்கெட் தண்ணீரில் 15 நிமிஷம் ஊறவைத்தேன். வெள்ளி வேர் கண்ணெதிரே பச்சையானதை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். நன்றாக வடியவிட்டேன். பச்சை இருக்கிறவரை தொடவே வேண்டாம், வெளுத்தால் திரும்ப இப்படி ஊறவைக்கணும். அப்புறம் இலைகள் கூடுகிற இடத்தில் விரலை வைத்து, "குருத்து" என்று தமிழிலேயே சொன்னேன். பஞ்சு நுனியால் அந்த இடத்தை ஒற்றிக் காட்டினேன்.

கேரளா எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி. டில்லிப் பிள்ளைகளுக்கு ஜூன் முழுக்க லீவு. சேலத்தில் அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். என் பையன் சித்தி பிள்ளைகளை யூனிஃபார்மில்தான் பார்க்கிறான். மாமரம் இப்போது இல்லை, கார் நிறுத்த ஷெட் போட்டிருக்கிறார்கள். அந்த ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது ஆண்ட்டியிடமிருந்து படம் வந்தது. தொட்டியின் வயிறு, அதில் பச்சை வேர். மூன்று நாள் கழித்து இன்னொன்று, பாதி வெளுத்திருந்தது. பக்கெட்டில் தொட்டி இருக்கிற படம் அன்று சாயங்காலம் வந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "யாருடி அந்தம்மா, இவ்ளோ பொறுப்பா இருக்காங்க?" என்றார்.

நாட்டுமருந்துக் கடையில் அவருக்காக ஒரு கட்டு வெட்டிவேர் வாங்கிப் பெட்டியில் வைத்தேன். டில்லியிலும் கிடைக்கும்தான், இருந்தாலும். கிளம்புகிற அன்று காலையில் குரல் செய்தி ஒன்று வந்தது. பின்னால் கூலர் சத்தம். ஆண்ட்டி ரொம்பக் கவனமாக, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னார்: "பேட்டா, குரு...த்து சூக்கா ஹை." குருத்தில் ஈரமில்லையாம்.