'இல்லை' என்கிற கட்டம்

எங்கள் பள்ளியின் அட்மிஷன் ஃபாரத்தில் ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. குழந்தைக்கு இதற்கு முன் சிறப்பு உதவி ஏதாவது தேவைப்பட்டதா என்று. பக்கத்தில் இரண்டு கட்டம்: ஆம், இல்லை. நான் அந்த மேசைக்கு வந்த முதல் மூன்று வருடங்களில் 'ஆம்' என்ற கட்டத்தில் விழுந்த டிக்குகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதி, பிள்ளை கண்ணாடி போட்டிருக்கிறது என்பதற்காகப் போட்டவை.

பள்ளி சென்னையின் தெற்கு ஓரத்தில், ஓ.எம்.ஆரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நர்சரியிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. அதற்கு முன் நான் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட், விசா எல்லாம் பார்க்கத் தெரியும் என்பதால்தான் இந்த வேலையே கிடைத்தது. பிள்ளைகளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

வருகிறவர்களில் பாதிப் பேர் கார் கம்பெனிக் குடும்பங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து கொரியர்கள், ஒரகடத்தில் 2010இல் ரெனோ நிஸ்ஸான் ஆலை வந்த பிறகு ஜப்பானியர்கள். மீதிப் பேர் வெளிநாட்டில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்புகிற நம் ஆட்கள். கொரியாவில் பள்ளி மார்ச்சில் தொடங்கும், ஜப்பானில் ஏப்ரலில், இங்கே ஊர்ப் பள்ளிகளில் ஜூனில், எங்களுக்கு ஆகஸ்டில். ஒரே வயதுப் பிள்ளைகள் நாலு பேரை ஒரே வகுப்பில் உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும்.

ஒரு தடவை ஒரு கொரிய அம்மா ஃபாரத்தில் பையனுக்கு வயது ஏழு என்று எழுதியிருந்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தால் ஐந்து. தேதி தப்பா என்று நான் கேட்க, அவர் முகம் சிவந்துவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அவர்கள் வழக்கத்தில் குழந்தை பிறக்கும்போதே ஒரு வயது, ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் இன்னொரு வயது. டிசம்பர் 20இல் பிறந்த குழந்தைக்குப் பன்னிரண்டு நாளில் இரண்டு வயது! 2023 ஜூனில் அவர்கள் அரசாங்கமே சட்டம் போட்டு அந்தக் கணக்கை அரசாங்கக் காரியங்களிலிருந்து எடுத்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். வயிற்றிலிருந்த மாதங்களையும் சேர்த்து எண்ணுகிற கணக்கு அது என்று அந்த அம்மா சொல்லியிருந்தார்.

அந்தப் பையன் நான்கு மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. புது மொழிக்குள் வந்து விழும் பிள்ளைகள் இப்படி மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பதுண்டு என்று ஆங்கில உதவி டீச்சர் சொன்னார். நான் நம்பவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு, வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசுங்கள் என்றேன். அவருக்கே இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். பாவம், அவர் அதையும் செய்தார். ஒரு மாதம் கழித்து, இப்போது இவன் வீட்டிலும் பேசுவதில்லை என்று வந்து நின்றார்.

ஜிம் கம்மின்ஸ் என்ற கனடா ஆய்வாளர் 1979இலேயே இதைப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். விளையாட்டு மைதானத்து மொழி இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடம் படிக்கிற மொழி வர ஐந்திலிருந்து ஏழு வருடம்கூட ஆகும், வீட்டு மொழி கெட்டியாக இருந்தால் இரண்டாவது மொழிக்கும் அது பலம். இது தெரிந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன், கொரிய மொழியிலேயே பேசுங்கள் என்றேன்.

டிசம்பரில் ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்து அக்கா என் அறைக்கு வந்தார்.

"மேடம், அந்தப் பையன் பேசறான்."

"என்ன பேசினான்?"

"'போதும்க்கா'ன்னான். சாதம் வச்சுட்டே இருந்தேன், கையால மறைச்சுட்டு 'போதும்க்கா'ன்னு. நேத்து 'தண்ணி'யும் கேட்டான்."

வீட்டு டிரைவரிடமிருந்து கற்றிருக்கிறான். எங்கள் ஃபாரத்தில் 'பேசும் மொழிகள்' என்ற வரியில் கொரியன், கொஞ்சம் ஆங்கிலம் என்று இருந்தது. தமிழ் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது வேறொரு பையனைப் பற்றி.

கலிஃபோர்னியாவிலிருந்து திரும்பிய குடும்பம். அப்பா, அம்மா, பாட்டி, ஐந்தரை வயதுப் பையன். கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு பிள்ளைக்கோ பெற்றோருக்கோ பரீட்சை வைத்துச் சேர்க்கக் கூடாது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து ஒவ்வொரு தடவையும் 50,000 வரை. அதனால் ஊரில் யாரும் பரீட்சை வைப்பதில்லை, 'இன்டராக்‌ஷன்' வைக்கிறோம். பையனிடம் நிறக்கட்டைகளைக் கொடுத்து நாங்கள் கவனிப்போம், பெற்றோர் எங்கள் முகத்தைக் கவனிப்பார்கள்.

பையன் கட்டைகளை நிறவாரியாக அடுக்கினான், கேட்டதற்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னான். அப்பா இரண்டு முறை, "கொஞ்சம் கூச்ச சுபாவம், அவ்வளவுதான்," என்றார். பாட்டி சட்டென்று, "மூணரை வயசுலதாம்மா வாயே திறந்தான்," என்றார். மருமகள் அவர் முழங்கையை மெல்லத் தொட்டார். பாட்டி உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மரம் நன்றாக இருக்கிறது என்றார். அந்த அம்மாவின் கைப்பை ஜிப் முழுதாக மூடவில்லை. உள்ளே ஒரு நீல ஃபைலின் முனை தெரிந்தது. பேசிக்கொண்டே அவர் அதை விரலால் உள்ளே தள்ளினார்.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, 'இல்லை' கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று சரிபார்த்து, ஃபாரத்தை வாங்கிவைத்தேன்.

ஒன்பதாவது வாரம் தீயணைப்பு ஒத்திகை. சைரன் அடித்ததும் மற்ற பிள்ளைகள் வரிசையில் இறங்கினார்கள். இவன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டான். இழுக்கப் போன உதவியாளரின் கையைக் கடித்துவிட்டான். ரத்தம். அவருக்கு டெட்டனஸ் ஊசி போட்டோம். மாலையில் வேறு இரண்டு பெற்றோர் பிரின்சிபாலைப் பார்த்தார்கள்.

மறுநாள் அந்த அம்மா நீல ஃபைலோடு வந்தார். கேட்காமலே என் மேசைமேல் வைத்தார். உள்ளே இரண்டு வருட ஸ்பீச் தெரபிக் குறிப்புகள், அமெரிக்கப் பள்ளியில் அவனுக்காக எழுதிய ஐ.இ.பி. அது சிறப்பு உதவி தேவைப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக எழுதுகிற கல்வித் திட்டம், அங்கே சட்டப்படி கொடுத்தாக வேண்டியது. நான்காம் பக்கத்தில் ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்: பெரிய சத்தம் வரப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், நேரத்தோடு சொல்லுங்கள்.

அவ்வளவுதான். ஒரு வரி.

"ஏன் அன்னிக்கே காட்டலை?" என்று கேட்டேன். என் குரலில் கொஞ்சம் கோபம் இருந்திருக்க வேண்டும்.

"உங்களுக்கு முன்னாடி ரெண்டு ஸ்கூல்ல காட்டினோம் மேம். ரெண்டு இடத்துலயும் ஃபைலைப் பார்த்த அப்புறம்தான் சீட் ஃபுல் ஆச்சு."

எந்தப் பள்ளிகள் என்று நான் கேட்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்துவிட்டது. முந்தைய சட்டத்தில் ஏழாக இருந்த பட்டியல் அதில் இருபத்தொன்றாக நீண்டது, ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடு பார்க்காமல் சேர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் 'சீட் ஃபுல்' என்ற இரண்டு சொல்லை எந்தச் சட்டத்தை வைத்துப் பிடிப்பது? எங்கள் ஏழாம் பக்கமும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது, கொஞ்சம் மரியாதையாக. சீட் கொடுப்பதற்கு முன்னால் கேட்கிற கேள்விக்கு எந்த அம்மா 'ஆம்' போடுவார்?

பிரின்சிபாலிடம் இரண்டு மாற்றம் கேட்டேன். ஒன்று, அந்தக் கேள்வியைச் சீட் உறுதிக் கடிதம் கையில் போன பிறகு கேட்கலாம். இரண்டு, கட்டத்தை எடுத்துவிட்டு, 'முதல் வாரமே வகுப்பு டீச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டியது என்ன?' என்று எழுதி ஐந்து கோடு விடலாம். அவர் தயங்கினார். தயக்கத்தில் நியாயம் இருந்தது. சீட் கொடுத்த பிறகு எங்களால் சமாளிக்க முடியாத பிள்ளை வந்தால்? சிறப்புக் கல்வி டீச்சர் எங்களிடம் இருப்பது இரண்டே பேர். கடைசியில் ஒத்துக்கொண்டார். அவர் பயந்த மாதிரியே இரண்டு தடவை நடந்தது. ஒரு தடவை எப்படியோ சமாளித்தோம், ஒரு தடவை முடியவில்லை. அந்தப் பெற்றோரிடம் போய்ச் சொன்னவள் நான்தான். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

இன்னொன்றும் எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. முழுநேரமும் ஆள் தேவைப்படும் பிள்ளைக்கு ஷேடோ டீச்சர் போடுகிறோம், சம்பளம் பெற்றோர் தலையில். ஃபீஸும் கட்டி இதையும் கட்டுகிறார்கள். கேட்டால் எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் என்பார்கள். ஆமாம், அப்படித்தான்.

ஐந்து கோட்டில் என்னென்ன வருகிறது தெரியுமா? சட்டைக் காலரில் லேபிள் இருந்தால் நாள் பூரா சொறிவாள், வெட்டிவிட்டோம், ஸ்வெட்டரிலும் பார்த்துக்கொள்ளுங்கள். பசிக்கவில்லை என்பான், பசிக்கும். போன மாதம் தாத்தா இறந்துவிட்டார், இன்னும் சொல்லவில்லை. 'சிறப்பு உதவி' என்ற சொல்லுக்குள் இதில் எதுவும் அடங்காது. இந்த ஃபாரங்களை நகல் எடுத்துச் சாப்பாட்டுக் கூடத்து அக்காவுக்கும் பஸ் அண்ணனுக்கும் வேண்டியதை மட்டும் வாசித்துக் காட்டுகிறேன்.

நீல ஃபைல் பையன் இப்போது நான்காம் வகுப்பு. ஒத்திகை நாளன்று காலையில் அவனிடம் போய் நேரம் சொல்வது என் வேலை. மற்றவர்களுக்குச் சொல்லக் கூடாது என்று அவனுக்குத் தெரியும், சொன்னதும் இல்லை. போன தடவை பத்து நாற்பது என்று சொல்லியிருந்தேன். எல்லாம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பிய பிறகு அவன் மட்டும் என் அறை வாசலில் வந்து நின்றான்.

"மிஸ், பத்து நாப்பத்தி மூணுக்குத்தான் அடிச்சுது."

செக்யூரிட்டி அண்ணன் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தார் என்றேன். பதில் அவனுக்குத் திருப்தியாக இல்லை. அடுத்த தடவை அவரிடம் கடிகாரம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.