பிரோஷரைத் தூக்கிப் போட்டுடாதீங்க

கடலூர்ல வீடு வாங்குறவங்க முதல்ல கேட்கிறது "தண்ணி நிக்குமா சார்?"னுதான். 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊராச்சே. எங்க அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டி வித்த புரோமோட்டர் வழவழ பிரோஷர்ல மழைநீர் வடிகாலை நீலக் கோடு போட்டே காட்டினார். வடிகால் கட்டினார், பொய் சொல்லக்கூடாது. ஆனா அது காம்பவுண்டு சுவர்ல முட்டி நிக்குது, வெளியே எந்த வாய்க்காலோடும் சேரலை. ஐப்பசி மழைல தண்ணி திரும்பி வந்து ஜெனரேட்டர் மேடை வரைக்கும் ஏறிடும். பூங்கான்னு சொன்ன இடத்துல ரெண்டு சிமென்ட் பெஞ்சு, மீதியெல்லாம் சீமைக்கருவேலம்.

போன் பண்ணினா "அடுத்த வாரம் ஆள் அனுப்புறேன்". அந்த ஆளை இன்னும் யாரும் பார்த்ததில்லை.

மாடி வீட்டு அக்கா ஓய்வுபெற்ற தாசில்தார். 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தைப் படிச்சுக் காட்டினாங்க. விளம்பரத்துல சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டா 12-வது பிரிவுப்படி இழப்பீடு கேட்கலாம். வீட்டை ஒப்படைச்ச 5 வருஷத்துக்குள்ள கட்டுமானத்துலயோ வசதிகள்லயோ குறை சொன்னா, 30 நாள்ல காசு வாங்காம சரிசெய்யணும். இது 14-வது பிரிவு. பராமரிப்புப் பணத்தை நிறுத்துவோம்னு சிலர் குதிச்சாங்க. அக்கா மடக்கிட்டாங்க: "அதைக் கட்ட வேண்டியது நம்ம கடமைன்னும் இதே சட்டத்துல இருக்குப்பா."

எங்க குடியிருப்போர் சங்கத்தின் பேர்ல புரோமோட்டருக்குப் பதிவுத் தபால்ல நோட்டீஸ் போயாச்சு. பிரோஷர் நகல், ஒப்பந்தம், தேதியோட போட்டோக்கள் எல்லாம் இணைச்சிருக்கோம். பதில் வரலைன்னா தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துல புகார்தான். வீட்டை வாடகைக்கு விட்டுட்டு வெளியூர்ல இருக்கிறவங்களும் ஞாயித்துக்கிழமை வந்து புகார்ல கையெழுத்துப் போட்டுடுங்க.